சிவப்பு விழுந்த லுங்கி

பக்கெட் இல்லாத ஒரு பக்கெட் கைப்பிடியின் மேல் சிவக்கொழுந்து பயன்மானியை நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "இனி இல்லை" என்றது கருவி. அந்தக் குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. வங்கியில் கவுண்டர் மூடியாகிவிட்டது என்று சொல்பவர்களின் குரல் அது.

"கேட்டுக்கிட்டியா அம்மணி," என்றார், சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி. "இந்தக் கைப்பிடிக்கு இனிமே வேலையே இல்லையாமா."

"பக்கெட்டுக்கு வேலை இல்லைன்னு அதைப் போன மாசம் தூக்கிப் போட்டீங்க," என்று பூங்கோதையின் குரல் வந்தது. "பக்கெட் போனப்பறம் கைப்பிடி மட்டும் எங்கீங்க வேலைக்குப் போகும்?"

சிவக்கொழுந்து சுவரில் இருந்த விழுங்கியின் வாயைத் திறந்து கைப்பிடியைப் போட்டார். கட்டடத்தின் முப்பத்தோரு மாடிகளையும் ஒரே குடலாக இணைத்திருந்த விழுங்கி அதை இழுத்துக்கொண்டு, பந்திக்கு முந்தி வந்தவரைப்போல ஓர் ஏப்பம் விட்டது.

பயன்மானி வந்த பிறகு நாடு மெலிந்துவிட்டிருந்தது. மனிதன் தொட்ட ஒவ்வொரு பொருளிலும் அவன் கைச்சூட்டின் தடம் தங்கும். கருவி அந்தத் தடத்தைப் படிக்கும். கோடிக்கணக்கான வீடுகளின் தடங்களோடு ஒப்பிடும். இந்தப் பொருளை அடுத்து ஒரு கை எப்போது தொடும் என்று சொல்லும். இட்லித் தட்டுக்கு "நாளைக் காலை" என்று பச்சை எரியும். வெள்ளிக் குத்துவிளக்குக்கு "தைப்பொங்கல்". எந்தக் கையும் இனிமேல் தொடாது என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் விழுங்கி. பீரோக்கள் முதலில் போயின, அப்புறம் பீரோ வைக்கும் அறைகள். கட்டடம் கட்டுபவர்கள் பரணை எடுத்தார்கள், ஸ்டோர் ரூமை எடுத்தார்கள், சுவர்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினார்கள். விலையை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். கல்யாண விளம்பரங்களில் "மீதமிலாக் குடும்பம்" என்று போடுவது மரியாதையாகிவிட்டது.

எஞ்சியது சலவையறை ஒன்றுதான். வருகிற விருந்தாளி கூடத்தைப் பார்ப்பார், சமையலறையை எட்டிப்பார்ப்பார், வாஷிங் மெஷினைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆகவே மற்ற அறைகளில் சிவப்பு விழுந்ததெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொண்டது. கோவையில் எவ்வளவு பெரிய மீதமிலா இல்லமானாலும் சலவையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டைப்பை தொங்கும், அந்தக் கட்டைப்பைக்குள் இன்னும் பல பைகள் இருக்கும்.

இதற்கு முடிவு கட்டும் பொறுப்பு சிவக்கொழுந்துவிடம் வந்து சேர்ந்திருந்தது. பயன்மானியை விற்கும் அறுதிப்பயன் நிறுவனத்தின் தெற்கு மண்டலத் துணைத் தலைவர் அவர். "கடைசி அறை" என்ற பெயரில் நிறுவனம் தொடங்கும் இயக்கத்தின் முதல் நேரலை இன்று மதியம் அவர் வீட்டுச் சலவையறையிலிருந்து நடக்க இருந்தது. நிறுவனத் தலைவர் முனைவர் வெற்றிச்செழியனே நேரில் வருகிறார். நன்றாக நடந்தால் சிவக்கொழுந்துவின் நாற்காலி ஒரு மாடி மேலே போகும். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் அதை எழுதியவர் அவர்தான். மனிதர்மேல் நீட்டினால் பயன்மானி கண்ணை மூடிக்கொள்ளும், அது சட்டம். ஆனால் ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள்மேல் நீட்டிக்கொள்ளலாம் என்று அண்மையில் ஒரு விலக்கு வந்திருந்தது. உடனே "மனிதர் பதிப்பு" என்று ஓர் அழகான திட்ட முன்மொழிவை எழுதித் தலைவரிடம் கொடுத்துக் கைகுலுக்கலும் வாங்கியிருந்தார் சிவக்கொழுந்து. கைகுலுக்கிய கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. ஏசி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாக நீட்டினார். சோப்புத்தூளோடு இலவசமாக வந்த டப்பா: இனி இல்லை. அதற்குள் ஸ்பிரிங் போன துணி கிளிப்புகள்: இனி இல்லை. காய்ந்துபோன சொட்டு நீலம். ஜோடியைப் பிரிந்த சாக்ஸ்கள். கிழிந்த பனியன்கள். உருண்டையாகச் சுற்றிவைத்த பாவாடை நாடாக்கள். ஒரு முழம் சைக்கிள் டியூப். முழங்காலில் கிழிந்த நீலக்கட்டம் போட்ட லுங்கி. கல்யாணமான புதிதில் அவரே கட்டியது. இனி இல்லை, இனி இல்லை, இனி இல்லை. கருவி அஷ்டோத்திரம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனது.

பூங்கோதை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். நூற்பாலை ஒன்றின் தரச்சோதனைக் கூடத்துக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவள். எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பாத கை அவளுடையது.

"இதெல்லாம் போன வருசமே சிவப்பு விழுந்ததுதானே," என்றார் சிவக்கொழுந்து. "போடச் சொன்னேனில்ல?"

"சொன்னீங்க. நான் போடலை."

"ஏன்?"

"உபயோகமாகுதுங்க. டியூப்பை ஒழுகற குழாய் மூட்டுல சுத்தியிருந்தேன். பனியன்ல ஜன்னல் தொடைக்கறேன். லுங்கியை மழைக்கு வாசப்படியில போடுவேன்."

"அப்படின்னா பச்சை காட்டணுமே."

"நீங்கதானுங்களே சொன்னீங்க, ஒருக்கா சிவப்பு விழுந்தா கருவி மறுபடி அதைப் படிக்காதுன்னு."

உண்மைதான். சிவப்பு விழுந்த பொருளின் கோப்பை மூடிவிட வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது. செத்தவருக்கு எதற்கு மாதாந்திர மருத்துவப் பரிசோதனை என்று அந்தக் கூட்டத்தில் கேட்டவரும் சிவக்கொழுந்துதான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அம்மணி, இதைப் புரிஞ்சுக்கோ," என்று அவர் நிதானமாக ஆரம்பித்தார். பயிற்சி வகுப்புகளில் மந்தமான கிளை மேலாளர்களுக்காக அவர் வைத்திருந்த நிதானம் அது. "இந்தக் கருவி இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. நாடு பூரா எத்தனை கோடிப் பொருளுக்குச் சிவப்பு விழுந்திருக்குது? விழுங்கிக்குப் போனதுல ஒண்ணாவது திரும்ப யாருக்காவது உபயோகப்பட்டதா ரெக்கார்டு உண்டா? கிடையாது. நூத்துக்கு நூறு."

"விழுங்கிக்குள்ள போனது எப்படிங்க உபயோகப்படும்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீங்க சொல்றது வேற, நான் சொல்றது வேற." பூங்கோதை வாசலில் சாய்ந்துகொண்டாள். "எங்க லேப்புக்கு ஒரு கோன் நூல் வந்தா இழுத்து அறுத்துப் பார்ப்போம். அப்பறம்தான் பலம் சொல்லுவோம். இழுக்காமயே அதைக் கொளுத்திப்போட்டு, 'பாருங்க, இந்த நூல்ல ஒரு துணிகூட நெய்ய முடியலை'ன்னு சர்டிஃபிகேட் கொடுத்திருந்தா, எங்க முதலாளி என் தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டிருப்பாரு."

சிவக்கொழுந்து புன்னகை செய்தார். வாதத்துக்குப் பதில் இல்லாதபோது செய்வதற்கென்று நிறுவனமே கற்றுக்கொடுத்த புன்னகை, பற்கள் கொஞ்சமாகத் தெரியும்.

பூங்கோதை நாடா, டியூப், பனியன், லுங்கி எல்லாவற்றையும் கட்டைப்பையில் அமுக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "இது என்ற ரூம்ல இருக்கட்டும். கேமரா அங்க வராதில்லங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போனாள். அவர் தடுக்கவில்லை. கேமரா வராத இடத்தில் இருக்கும் பொருள் இல்லாத பொருள்தான் என்பது அவர் தொழிலின் அடிப்படை.

அறை காலியானது. சீமாற்றால் பெருக்கி, தரையைத் துடைத்து, நடுவில் நின்று பார்த்தார். ஒரு வாஷிங் மெஷின், ஒரு கூடை, ஒரு சோப்புத்தூள் ஜாடி. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்போதுதான் மெஷினின் பின்பக்கக் காலுக்கடியில் எதுவோ துருத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. குனிந்தார். எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு மரத்துண்டு. கருவியை நீட்டினார். வைத்த நாளிலிருந்து அதை எந்தக் கையும் தொட்டதில்லை.

"இனி இல்லை."

மெஷினை ஒரு தோளால் சாய்த்து மரத்துண்டை உருவினார். விழுங்கி ஏப்பம் விட்டது.

முனைவர் வெற்றிச்செழியன் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணியில் வந்தார். மீதமில்லாத மனிதர் என்று அவரைப் பத்திரிகைகள் எழுதும். முன்னால் கொஞ்சம் வயிறு மீதம் இருந்தது. அவருக்கு முன்னும் பின்னும் இரண்டு படப்பறவைகள் ரீங்காரமிட்டுப் பறந்து, பார்த்ததையெல்லாம் நாட்டுக்கு நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தன. அவர் கையிலிருந்த பயன்மானிக்குத் தங்க விளிம்பு. நேரலைக்கென்று அதைத் தானியங்கி நிலையில் வைத்திருந்தார். எதிரே வந்த எல்லாவற்றையும் அது தானாகவே படித்து அறிவித்தது.

"நண்பர்களே," என்று தலைவர் சலவையறையின் நடுவே நின்று பறவையைப் பார்த்துச் சொன்னார், "ஒரு பண்பாட்டின் உச்சத்தை அதன் கோபுரங்களில் தேடாதீர்கள். அதன் சலவையறையில் தேடுங்கள். இதோ, வெறுமை. இந்த வெறுமைக்காகத்தான் மனித இனம் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் பொருள் சேர்த்தது."

சிவக்கொழுந்துவுக்குப் புல்லரித்தது.

"இயந்திரத்தை ஓடவிடுங்கள், சிவக்கொழுந்து. உழைப்பும் வெறுமையும் ஒன்றாகக் காட்சியளிக்கட்டும்."

நாலு துண்டைப் போட்டு மெஷினை ஓடவிட்டார்கள். தண்ணீர் ஏறியது, நுரை சுழன்றது, தலைவர் அதற்கு ஏற்ற மாதிரி பேசினார். பிறகு பிழியும் கட்டம் வந்தது.

மெஷின் முதலில் தலையை ஆட்டியது, தலைவரின் கருத்தை ஆமோதிப்பதுபோல. அப்புறம் தோளை ஆட்டியது. அதன்பின் ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலைத் தூக்கி வைத்து, திருவிழாவில் சாமி வந்தவரைப்போல அறையின் நடுப்பகுதிக்கு நடக்கத் தொடங்கியது. தலைவர் ஓர் அடி பின்வாங்கினார், பேச்சை நிறுத்தவில்லை. சுவர்க்குழாயோடு இணைந்திருந்த பைப் விறைத்து நீண்டது. கழிவுநீர்ப் பைப் முதலில் கழன்று தலைவரின் வெள்ளைக் கால்சட்டையை இடுப்பிலிருந்து கீழே நுரையும் அழுக்குமாக நனைத்தது. அடுத்த கணம் குழாய் மூட்டு பிளந்து, முப்பத்தோராம் மாடிக்கு ஏற்றப்பட்ட தண்ணீர் முழு வேகத்தோடு கூரைக்குப் பாய்ந்தது.

"ஒரு பக்கெட் எடுங்கள்," என்றார் தலைவர்.

சிவக்கொழுந்து நின்ற இடத்திலேயே நின்றார். வீட்டில் பக்கெட் இல்லை.

"அக்கட்டால போங்க," என்று இருவரையும் தள்ளிக்கொண்டு பூங்கோதை உள்ளே வந்தாள், தோளில் கட்டைப்பையோடு. மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். சைக்கிள் டியூப்பை உருவிப் பிளந்த மூட்டின்மேல் இறுக்கிச் சுற்றினாள்.

"இனி இல்லை" என்றது தலைவர் கையிலிருந்த கருவி, நாடு முழுவதும் கேட்கும்படி.

டியூப்பின்மேல் பாவாடை நாடாவைப் போட்டுப் பல்லால் இழுத்து முடிந்தாள்.

"இனி இல்லை."

தண்ணீர் நின்றது. பனியன்களைத் தரையில் விரித்தாள். இனி இல்லை. சாக்ஸ்களைச் சுருட்டிக் கூடத்துக்குப் போகும் வழியை அடைத்தாள். இனி இல்லை, இனி இல்லை. கருவியை அணைக்கத் தலைவர் விரலால் தேடினார். ஈர விரலை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடைசியாகப் பூங்கோதை பைக்குள் கைவிட்டு அந்த நீலக்கட்ட லுங்கியை எடுத்து நீட்டினாள்.

"சளி புடிச்சுக்குமுங்க. அந்தப் பக்கம் பாத்ரூம். மாத்திக்குங்க."

"இனி இல்லை" என்றது கருவி.

சிறிது நேரத்தில் முனைவர் வெற்றிச்செழியன் முழங்காலில் கிழிந்த லுங்கியோடு வெளியே வந்தார். படப்பறவைகள் இரண்டும் ஆவலோடு கீழே இறங்கின. சிவக்கொழுந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். ஆனால் தலைவர்களை அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

"பார்த்தீர்களா, நண்பர்களே," என்றார் தலைவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "இந்த வீட்டில் சிவப்பு விழுந்த பொருள்களை ஒளித்து வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

அன்று மாலை மட்டும் நாட்டின் விழுங்கிகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏப்பம் விட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். லுங்கி தலைவரோடேயே போய்விட்டது.

மறுவாரம் தலைமையகத்தில் மனிதர் பதிப்பின் முதல் நீட்டல் நடந்தது. முன்மொழிந்தவர் என்ற மரியாதையில் சிவக்கொழுந்துவை முதல் ஆளாக நிற்க வைத்தார்கள். அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"இனி இல்லை."

"ஒரு தடவை திரும்ப நீட்டிப் பார்க்கலாமே," என்றார் சிவக்கொழுந்து.

மனிதவளப் பெண் மிகுந்த பரிவோடு அவருடைய முன்மொழிவின் ஏழாவது பத்தியைக் காட்டினாள். சிவப்புக்கு மறுபார்வை இல்லை. நடை நன்றாகத்தான் இருந்தது, எங்கும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

வீட்டுக்கு வந்தவர் கூடத்தில் உட்காரவில்லை. அங்கே பச்சைப் பொருள்கள் இருந்தன. நேராகச் சலவையறைக்குப் போய், மறுபடி கதவுக்குப் பின்னால் தொங்கத் தொடங்கியிருந்த கட்டைப்பைக்குப் பக்கத்தில் நின்றார்.

"எனக்குச் சிவப்பு விழுந்துருச்சு, கோதை."

பூங்கோதை அவரை மேலும் கீழும் பார்த்தாள். லேப்பில் கோன் நூலைப் பார்க்கும் பார்வை. பிறகு மெஷினை ஓடவிட்டாள். அது நடக்க ஆரம்பித்தது.

"அதும்மேல சித்தெ சாஞ்சுக்குங்க," என்றாள். "முட்டுக் குடுத்த கட்டையைத்தான் தூக்கிப் போட்டுட்டீங்களே."

அவர் சாய்ந்துகொண்டார். உடம்பெல்லாம் அதிர்ந்தது, பல் கிடுகிடுத்தது, மெஷின் இருந்த இடத்தில் நின்றது. அன்றிலிருந்து அது அவர் வேலையாயிற்று. துணி காயப்போடுவதும் மடிப்பதும் வந்து சேர்ந்தன. போர்வையின் நான்கு முனைகளும் ஒன்றுசேர்வதேயில்லை என்பதை அவர் முதல்முறையாகக் கண்டுபிடித்தார். பூங்கோதை அது கண்டுபிடிப்பு இல்லை என்றாள். புது டியூப் வாங்கிக் குழாயைச் சரிசெய்தார். ஸ்பிரிங் போன கிளிப்புகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தார், பிடித்தது. அன்று அவர் சாப்பிட்ட சோறு வழக்கத்தைவிட அதிகம்.

நிறுவனத்தின் அறிக்கை ஒன்று செய்தியில் வந்தது. சிவப்பு விழுந்து வெளியேற்றப்பட்ட ஊழியர்களில் ஒருவர்கூட அதன்பின் நிறுவனத்துக்கு எந்தப் பயனும் அளிக்கவில்லை; மனிதர் பதிப்பின் துல்லியம் நூற்றுக்கு நூறு. பழக்கத்தில் தலையாட்டிக்கொண்டே படித்த சிவக்கொழுந்து பாதியில் தலையை நிறுத்தினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கருவியோ தன் வெற்றிகளிலிருந்து கற்றுக்கொண்டே போனது. சிவக்கொழுந்து பயனற்றவர் என்று ஆனதால், அவரைப்போல ஐம்பதைத் தாண்டியவர்கள், டை கட்டியவர்கள், நீட்டல் வைபவங்களில் முன்வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகச் சிவந்தார்கள். அவர்கள் போனதால் அவர்களைப் போன்றவர்கள். சிவப்பு மாடிப்படி ஏறுவதுபோல ஏறியது. மேலே ஏற ஏற ஆட்கள் குறைவு என்பதால் வேகமாகவே ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அழைப்புமணி அடித்தது. வாசலில் முனைவர் வெற்றிச்செழியன் நின்றார். படப்பறவைகள் இல்லை. ஒரு கையில் தங்க விளிம்பு போட்ட பயன்மானி, மறுகையில் துவைத்து மடித்த நீலக்கட்ட லுங்கி. மடிப்பு கோணலாக இருந்தது. தானே மடித்திருக்க வேண்டும். முழங்காலில் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

"இதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வந்தேன்," என்றார். "தினமும் வீட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று இயக்குநர் கூட்டத்தில் எனக்கு..."

"தெரியுமுங்க," என்றாள் பூங்கோதை. "உள்ள வாங்க. காப்பி குடிக்கறீங்களா, மோரா?"

சலவையறையில் மெஷின் பிழியத் தொடங்கியிருந்தது. சிவக்கொழுந்து அதன்மேல் சாய்ந்து அதிர்ந்தபடியே தன் முன்னாள் தலைவருக்கு வணக்கம் வைத்தார்; கைகள் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவில்லை. பூங்கோதை மெஷினின் பின்காலைப் பார்த்தாள். பிறகு தலைவரின் கையைப் பார்த்தாள்.

"அதைச் சித்தெ குடுங்க."

பத்தாண்டு ஆராய்ச்சியின் விளைவை அவர் நீட்டினார். பூங்கோதை கணவனை நிமிரச் சொல்லி, மெஷினைச் சாய்த்து, பயன்மானியைக் காலுக்கடியில் செருகினாள். தச்சன் அளவெடுத்துச் சீவியதுபோல உட்கார்ந்தது. மெஷின் சிலிர்த்தது, அமைந்தது, முழு வேகத்தில் சுழன்றபடியே அசையாமல் நின்றது.

சிவக்கொழுந்துவுக்குக் கை அரித்தது. அறை மூலையில் கிடந்த தன் பழைய கருவியை எடுத்து, மெஷினுக்கடியில் இருந்த கருவியை நோக்கி நீட்டினார்.

"இனி இல்லை."

தலைவரின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "இந்தக் கருவி ஒருபோதும் தவறியதில்லை," என்றார்.

"தவறாதுங்க," என்ற பூங்கோதை, கூடையிலிருந்து ஈரப் போர்வையை உருவி ஆளுக்கொரு முனையாகக் கொடுத்தாள். "நீங்க முனையை விட்டுறாதீங்க."